மாப்பிள்ளை கைவைக்க ஏலாத உறுதி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மகளுக்கென்று வீடு வாங்கும் அம்மா, அப்பாமாருக்கு,

கொழும்பு புதுக்கடையில் முப்பது வருடத்துக்கு மேல் நொத்தாரிசாக இருந்து உறுதி எழுதியவள் நான். படியேறி வரும்போதே உங்களை அடையாளம் தெரிந்துவிடும். அப்பாவின் கையில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் பழைய உறுதியின் பிரதி, அடையாள அட்டைகள், வங்கிக் கடிதம். அம்மாவின் கைப்பையில் சாதகக் குறிப்பும் இருக்கும். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை. ஹம்டன் லேனிலோ இராமகிருஷ்ண வீதியிலோ ஒரு பிளட் பேசி முடித்தாயிற்று. அப்பா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “தங்கச்சி, நாளைக்கு ஏதும் பிரச்சினை எண்டாலும் மாப்பிள்ளை கைவைக்க ஏலாத மாதிரி எழுதித் தாங்கோ.”

எழுதலாம் ஐயா, மகளின் பெயரில் மட்டும் எழுதுவோம் என்று நான் சொன்னதும் அம்மா வாய் திறப்பா. “அவரின்ர பேரைப் போடாட்டி சம்பந்தி வீட்டில என்ன நினைப்பினம்?”

இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் எத்தனை வீடுகள் பாதியாகப் போயின என்று எனக்குத் தெரியும். கதைத்துக் கதைத்துக் கடைசியில் இரண்டு பெயரும் ஏறும். கைவைக்க ஏலாத உறுதி கேட்டு வந்தவர்கள், பாதி வீட்டைத் தாமே எழுதிக் கொடுத்துவிட்டு, கலியாண அழைப்பிதழையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். பத்து வருடம் கழித்து மகள் தனியே வந்து, “அப்பா வாங்கித் தந்த வீடுதானே, அவருக்கு எப்படிப் பாதி?” என்று கேட்பாள். “அப்பா கொடுத்ததால்தான், பிள்ளை” என்று சொல்ல எனக்கு நா வராது.

இப்போது உறுதி எழுதுவதை விட்டுவிட்டேன். ஆதலால் கட்டணமில்லாமல், மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் பயப்படுவது சரியான இடத்திலா என்று பாருங்கள். சீதனமாக மகளின் பெயரில் மட்டும் எழுதிய வீடு மகளுடையது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றாலும் அப்படித்தான், கொட்டாஞ்சேனைப் பிள்ளை என்றாலும் அப்படித்தான். விவாகரத்து என்று வந்தால் எல்லாவற்றையும் கூட்டி இரண்டாகப் பிரிக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. கணவன் மனைவி சொத்து ஒரே பொதுச் சொத்து என்ற பழைய ஒல்லாந்த முறையை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எடுத்துவிட்டது. 1923இல் வந்த விவாகமான பெண்களின் ஆதனச் சட்டம், மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்திருக்கலாம், விற்கலாம், அதற்காகத் தன் பெயரில் வழக்காடலாம் என்றது. இது பொதுச் சட்டம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் இந்திய வம்சாவளித் தமிழருக்கும், கொழும்புச் செட்டிமாருக்கும், பரம்பரையாக ஜெம்பட்டா வீதியிலேயே வாழும் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதுதான்.

வெள்ளவத்தையில் கதை வேறு. அங்கே நம்மில் பெரும்பாலானவரோடு தேசவழமையும் ரயிலேறி வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்துக் கொடுத்து, ஆங்கிலேயன் 1806இல் சட்டமாக ஏற்றுக்கொண்ட வழமை அது. காணியை விற்கும்போது பங்காளிக்கும் வாரிசாக வரக்கூடியவருக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்ற அதன் விதி வடக்குக் காணிக்கு மட்டும் உரியது. கலியாணம் பற்றிய விதிகள் மண்ணோடு ஒட்டியவை அல்ல, ஆளோடு ஒட்டியவை. ஆள் கொழும்பு 6இல் இருந்தாலும் அவை கூடவே இருக்கும். கொழும்பில் குடியேறிய யாழ்ப்பாணத்தான் எந்தக் கட்டத்தில் யாழ்ப்பாணத்தான் இல்லாமல் போகிறான் என்ற கேள்வி 1913இல் ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் வழக்கிலேயே எழுந்தது. இன்றும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத்தான் அதற்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையில் பிறந்து, நல்லூருக்குத் திருவிழாப் பார்க்க மட்டும் போய்வரும் பிள்ளை எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறாள் என்று கேட்டால், இரண்டு சட்டத்தரணிகள் மூன்று பதில் சொல்வார்கள்.

தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று சொற்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பெற்றோர் வழி வந்த முதுசமும் பெண்ணுக்குக் கொடுத்த சீதனமும் அவரவருடையவை. சிக்கல் மூன்றாவதில் இருக்கிறது. கலியாணம் நிலைத்திருக்கும் காலத்தில், தன் தனிச் சொத்தின் காசு இல்லாத வேறு காசைக் கொடுத்து ஒருவர் வாங்கியது தேடியதேட்டம். தனிச் சொத்தில் இருந்து அந்தக் காலத்தில் வரும் இலாபமும் அப்படியே. நீங்கள் கொடுத்த சீதன பிளட் மகளின் தனிச் சொத்து. ஆனால் அதை வாடகைக்கு விட்டு வரும் காசு தேடியதேட்டம். அந்த வாடகையைச் சேர்த்து அவள் தெஹிவளையில் இன்னொன்று வாங்கினால் அதுவும் தேடியதேட்டம். 1911ஆம் ஆண்டின் சட்டம் தேடியதேட்டம் இருவருக்கும் சமம் என்று நேராகவே சொன்னது. 1947இல் திருத்தினார்கள். அதற்குப் பிறகு மற்றவரின் பங்கு எப்போது ஒட்டுகிறது என்று நீதிமன்றங்களில் வாதாடிய கதையை எழுதினால் இந்த மடல் முடியாது.

இங்கே ஒரு சின்ன விஷயம். நம் ஆட்களுக்குக் கலியாணம் என்றால் தாலி. சட்டத்துக்கு அது பதிவுக் கலியாணம் என்ற எழுத்திலேயே முடிந்துவிடும். வெளிநாட்டு விசாவுக்காக ஆறு மாதம், ஒரு வருடம் முன்னதாகவே எழுத்தை வைத்துவிடுகிறோம். பிள்ளை வங்கியில் வேலை, கையில் சேமிப்பு இருக்கிறது. “தாலி கட்ட முதல் என்ர பேரில வாங்கிடுறன், அப்ப அது எனக்குத்தானே” என்று வருவாள். எழுத்து எப்போது நடந்தது என்று கேட்பேன். போன சித்திரையில் என்பாள். ஐயர் இன்னும் நாள் வைக்காவிட்டாலும் சட்டம் அவளை மனைவியாக்கி மாதக்கணக்காகிவிட்டது. எழுத்துக்கு முன்பே சேமித்த காசு என்று காட்ட வங்கிப் புத்தகம் இருந்தால் தப்பலாம். எழுத்துக்குப் பிறகு வந்த சம்பளம் என்றால் வழி இல்லை.

இனி, உங்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத விஷயம். மாப்பிள்ளையின் பங்கைப் பற்றி இரவிரவாக யோசிக்கிறீர்கள். அவருடைய கையெழுத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை.

தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரில் மட்டும் இருக்கும் தன் சொந்த வீட்டை மரணசாசனத்தால் யாருக்கும் எழுதலாம், கணவனைக் கேட்க வேண்டியதில்லை. உயிரோடு இருக்கையில் அதை விற்கவோ ஈடுவைக்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவன் தன் சொத்தை விற்கலாம். 1911இல் எழுதிய சட்டம் இது. இன்னும் நிற்கிறது. இருபது வருடமாக வங்கி முகாமையாளராக இருந்து, மற்றவர்களின் வீட்டுக் கடனுக்கெல்லாம் கையெழுத்து வைத்த பெண் தன் வீட்டை விற்க என்னிடம் வந்து, “இதுக்கு அவர் ஏன் சைன் வைக்கவேணும்?” என்று கேட்டபோது, சட்டப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அவளுடைய கதை இதுதான். பிளட் அப்பா கொடுத்தது, அவள் பெயரில் மட்டும். கணவன் லண்டனில் வேறு குடும்பமாகி எட்டு வருடம். பிள்ளையின் படிப்புக்கு வீட்டை விற்க வேண்டும். சம்மதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னாள். பதில் வட்ஸ்அப்பில் வந்தது. விற்ற காசில் மூன்றில் ஒன்று தந்தால் போடுகிறேன். வீட்டில் அவனுக்கு ஒரு சதுர அடியும் கிடையாது. கையெழுத்துக்குத்தான் அந்த விலை.

வழி இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருவரும் பிரிந்து வாழ்ந்தாலோ, அவன் இருக்குமிடமே தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து அந்தச் சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி வாங்கலாம். அவளும் வாங்கினாள். தவணைக்கு மேல் தவணையாக வழக்கு இழுபட்டு முடிந்தபோது, முதலில் விலை பேசிய ஆள் வேறு பிளட் வாங்கிக் குடிபுகுந்துவிட்டார்.

கொட்டாஞ்சேனைப் பெற்றோருக்கு இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு உங்கள் வீட்டுக் கதவையும் தட்டும். தேசவழமைக்கு உட்படாத பெண் தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணந்தால், கலியாணம் நிலைக்கும் காலம் முழுவதும் அவளும் அதற்கு உட்பட்டவள். அந்தோனியார் கோயிலடியில் தையல் கடை நடத்தி, சீட்டுப் பிடித்து, தன் காசில் வீடு வாங்கிய பெண் நேற்றுவரை தன்னந்தனியாக அதை விற்கலாம். வெள்ளவத்தையில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெடியனை இன்று கட்டினால், நாளைக்கு அதே வீட்டுக்கு அவனுடைய சம்மதம் வேண்டும். மறுபக்கமும் உண்டு. வெள்ளவத்தைப் பிள்ளை கொட்டாஞ்சேனைப் பெடியனைக் கட்டினால், அந்தக் கலியாணம் இருக்கும்வரை அவளுக்குத் தேசவழமை இல்லை. வேற்றிடத்தில் கட்டுகிறாளே என்று அழுத ஒரு தாயிடம், உங்கள் மகள் இனித் தன் வீட்டைத் தானே விற்கலாம் அம்மா என்று சொன்னேன். அவவின் அழுகை நிற்கவில்லை.

பொதுச் சட்டத்தின் கீழ் இருப்பவர்களுக்கு வேறொரு குழி. அங்கே கையெழுத்துத் தொல்லை இல்லை, ஆனால் உறுதியில் யார் பெயரோ அவருக்குத்தான் வீடு. தையல் காசும், துபாய்க் காசும், நகை அடைவு வைத்த காசும் போட்டு வாங்கிய வீட்டைப் புருஷன் பெயரில் எழுதிவிட்டு வரும் பெண்கள் கொட்டாஞ்சேனையில் நிறைய. ஆம்பிளை பெயரில் இருந்தால்தான் மரியாதையாம். பிரிவு வந்தபின் அந்தப் பெண் பிடிக்கக்கூடிய கயிறு 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப்பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. ஒருவர் காசு கொடுக்க இன்னொருவர் பெயரில் உறுதி எழுதப்பட்டு, பெயருக்கு உரியவருக்கு நன்மை கொடுக்கும் எண்ணம் காசு கொடுத்தவருக்கு இருக்கவில்லை என்று தெரிந்தால், பெயருக்கு உரியவர் காசு கொடுத்தவருக்காகவே வீட்டை வைத்திருக்கிறார் என்கிறது அது. நல்ல சட்டம். நிரூபிக்க ரசீது வேண்டும். சீட்டுக்காசுக்கு யார் ரசீது கொடுத்தார்கள்?

அதே பிரிவு உங்கள் மகளுக்கு எதிராகவும் திரும்பும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசை இங்கே காணி வாங்க முடியாது. தொடர்மாடி பிளட்டுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு, இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கும் விலக்கு உண்டு. கனடாப் பிரசையான மாப்பிள்ளை காணியோடு ஒரு தனி வீட்டுக்குக் காசு அனுப்புவார், உறுதி மகளின் பெயரில் எழுதப்படும். இனி அது எங்கள் பிள்ளையின் வீடு என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். காசு அனுப்பிய வங்கித் தாள் அவருடைய அலுமாரியில் பத்திரமாக இருக்கும். இப்படியான இடத்தில் அவர் கேட்பது அநியாயம் என்றும் என்னால் சொல்ல முடியாது. அவர் உழைத்த காசு அது. மகளின் வீட்டைக் காப்பாற்ற வழி கேட்டால் சொல்வேன். மருமகனின் காசை விழுங்க வழி கேட்டு வந்தவர்களுக்கு நான் உறுதி எழுதியதில்லை.

காசு பற்றிச் சொல்லும்போது முத்திரைத் தீர்வையையும் சொல்ல வேண்டும். விலைக்கு எழுதும் உறுதி என்றால் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இதை மிச்சம்பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லி எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறீர்கள்! மூன்று கோடிக்கு வாங்கிய பிளட்டை ஒன்றரைக் கோடி என்று எழுதினால், மிச்ச ஒன்றரைக் கோடியை யார் கொடுத்தது என்று பின்னொருநாள் நீதிமன்றத்தில் காட்டும்போது உங்கள் உறுதியே உங்களைப் பொய்யராக்கும்.

இனி விவாகரத்து. நமக்குரிய இலங்கைச் சட்டத்தில், பொருந்தவில்லை, பிரிகிறோம் என்று சொல்லி விவாகரத்து எடுக்க முடியாது. பிறர்மனைத் தொடர்பு, வன்மமாகக் கைவிட்டுப் போதல், மணமாகும்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என்று 1907ஆம் ஆண்டின் சட்டம் மூன்றே காரணம் வைத்திருக்கிறது. ஏழு வருடம் பிரிந்து இருந்தால் போதும் என்று ஒரு காலம் நம்பினார்கள். 1986இல் தென்னக்கோன் எதிர் சோமவதி பெரேரா வழக்கில், பிரிந்திருந்தது மட்டும் போதாது, குற்றம் காட்ட வேண்டும் என்று உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஒருவர் மற்றவரைக் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டும், அல்லது ஒருவர் குற்றத்தை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். அந்தப் பேசாமல் இருப்பதற்குத்தான் வீட்டை விலையாகக் கேட்கிறார்கள். “உறுதியை மாத்தித் தா, நான் கோட்டுக்கு வராமல் விட்டுவிடுறன்.” வீடுகள் தீர்ப்பால் பறிபோனதை விட, புதுக்கடை நீதிமன்ற விறாந்தையில் நடந்த இந்தப் பேரத்தால் பறிபோனதைத்தான் நான் அதிகம் கண்டேன். பதினைந்து வருடம் இழுபடுவதை விட எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பினால் போதும் என்று எத்தனையோ பிள்ளைகள் என் முன்னால் கையெழுத்து வைத்தார்கள்.

பேரம் பேசாமல் வழக்குத் தீர்ப்புவரை போனாலும் பெயர் மட்டும் கவசமாகாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவின் கீழ், விவாகரத்துத் தீர்ப்பின்போது, மற்றவரின் அல்லது பிள்ளைகளின் நன்மைக்காக ஒருவரின் சொத்தையோ அதில் ஒரு பங்கையோ எழுதிக் கொடுக்கும்படி நீதிபதி கட்டளையிடலாம். மொத்தமாகக் காசு கொடுக்கவும், மாதாமாதம் கொடுக்கவும் சொல்லலாம். ஆணுக்கு எதிராக மட்டும்தான் என்று சட்டம் சொல்லவில்லை.

வழக்கு வரும்போலிருக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் வீட்டைத் தம்பியின் பெயருக்கு மாற்றும் வேலையைச் செய்யாதீர்கள். உங்கள் மகனுக்கும் சொல்லுங்கள். காசு கைமாறாத உறுதியை நீதிமன்றம் கிழித்துப் பார்க்கும். அத்தாட்சியில் காசு என் முன்னிலையில் கொடுக்கப்படவில்லை என்று நொத்தாரிசு எழுதியிருப்பார், அதுவே சாட்சி. மறுபக்கத்தில் இருப்பவர் மகள் என்றால், காணிப் பதிவகத்தில் முன்னெச்சரிக்கைப் பதிவு போடலாம், வழக்கு நிலுவையில் இருப்பதைப் பதியலாம், தடையுத்தரவு கேட்கலாம். அடி உதை என்று வந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அடித்தவனை உள்ளே வராமல் தடுக்கவும், பெண் நடுத்தெருவில் நிற்கும்படி அந்த வீட்டை விற்காமல் தடுக்கவும் நீதவான் கட்டளையிடலாம். கொழும்பில் இவ்வளவு பேர் இருந்தும் இந்தச் சட்டத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம்.

வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கும் ஒன்று. மகளும் மருமகனும் ஸ்காபரோவில் குடியிருந்து அங்கே பிரிந்தால், வெள்ளவத்தை பிளட்டின் பெறுமதியும் ஒன்ராறியோச் சட்டத்தின் கணக்குக்குள் வரும். கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் நன்கொடையாகக் கொடுத்தது கணக்கில் சேராது, அதுவே அவர்கள் குடியிருக்கும் வீடாக இல்லாதவரை. கலியாணத்துக்கு முன்பே கொடுத்தால் மணநாளில் இருந்த பெறுமதியைக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகு ஏறிய விலை கணக்கில் சேரும். நம் ஊரில் எழுத்துக்கு முன் எழுதுவது புத்தி. அங்கே அதே புத்தி காசைக் கரைக்கும். இங்கே உறுதி எழுத முன் அங்கே ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணித்தியாலம் கதையுங்கள்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? மகளுக்கென்று கொடுப்பதை மகளின் பெயரில் மட்டும் கொடுங்கள். சம்பந்தி வீட்டாரின் மனம் நோகும் என்றால், மருமகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள், பாதி வீட்டைக் கொடுக்காதீர்கள். சீவிய உருத்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதினால் நீங்கள் இருக்கும்வரை உங்களை எழுப்பவும் ஏலாது, அந்த உருத்தைத் தாண்டி விற்கவும் ஏலாது. யாருடைய காசு என்பதை உள்ளபடி எழுதுங்கள், வங்கித் தாள்களை உறுதியோடு ஒரே உறையில் வையுங்கள். மருமகன் காசு போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். பிள்ளை எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறாள், கட்டப்போகிறவன் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறான் என்று சாதகம் பார்க்கும் கிழமையிலேயே கேளுங்கள். பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் இந்தப் பதினோராவதைப் பார்ப்பதில்லை.

கையெழுத்துப் பற்றிய அந்தப் பழைய விதியை மாற்றச் சொல்லிக் கேட்பது இன்னொரு வேலை. அதைப் பெண்கள் மட்டும் கேட்டால் நடக்காது. மகளுக்கு மூன்று கோடிக்கு வீடு வாங்கிக் கொடுத்த அப்பாமார் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நன்கொடையை வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்காக உறுதியில் கொடுப்பவர் கையெழுத்தோடு அவருடைய கையெழுத்தையும் வாங்குவோம். கலியாண அவசரத்தில் மகளைப் பத்து நிமிடத்துக்கு அழைத்து வந்து, ஆங்கிலத்தில் இருக்கும் ஆறு பக்கத்தை நீட்டி, “இதில வை பிள்ளை, பியூட்டி பாலருக்கு நேரமாகுது” என்பீர்கள். அவளும் வைப்பாள். முப்பது வருடத்தில், தன் வீட்டு உறுதியை முழுவதும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்த மணப்பெண்கள் நான்கு பேர்தான் எனக்கு ஞாபகம். அடுத்தமுறை மகளை ஒரு நாள் முன்னதாகவே கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்காக உறுதி எழுதிய ஒருத்தி
புதுக்கடை, கொழும்பு 12